முதியோருக்கான கணினி ஆய்வை எதைக்கொண்டு அளக்கிறீர்கள்? தேர்வுக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் ஆசிரியர் தேர்வு, பதவி உயர்வுக் குழுக்களில் அமர்ந்திருப்பவர்களுக்கு,

வணக்கம்.

முதியோர் மருத்துவமும் மனித–கணினி ஊடாட்டமும் (கணினியையும் கைபேசியையும் மனிதர்கள் எப்படிக் கையாளுகிறார்கள் என்று பார்க்கும் துறை) சந்திக்கும் இடத்தில் ஆய்வு செய்பவரின் கோப்பு உங்கள் மேசைக்கு வந்தால், அதைப் புரட்டும் வரிசை பெரும்பாலும் ஒன்றுதான். ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் உள்ள கட்டுரை எண்ணிக்கை, எச்-இண்டெக்ஸ் (கட்டுரைகளையும் அவற்றுக்கு விழுந்த மேற்கோள்களையும் சேர்த்துச் சொல்லும் ஓர் எண்), இம்பாக்ட் ஃபேக்டர் (இதழின் சராசரி மேற்கோள் அளவு) கூட்டல், கடைசியில் உலக அளவில் மேற்கோளில் முன்னிற்போரைத் தொகுக்கும் '2 சதவீத விஞ்ஞானிகள்' பட்டியலில் பெயர் உண்டா என்ற விசாரிப்பு. பெயர் இருந்துவிட்டால் வாசலில் பிளக்ஸ். இந்த நான்கு அளவுகளும் இந்தத் துறையில் தகுதியானவரைக் கீழே தள்ளி, தப்பான வேலையை மேலே ஏற்றிவிடுகின்றன. எப்படி என்பதைக் கணக்கோடு சொல்கிறோம்.

முதலில் உங்கள் கையில் இருக்கும் அட்டவணையையே எடுத்துக்கொள்வோம். யூஜிசியின் 2018 விதிமுறைகள், பின்னிணைப்பு 2, அட்டவணை 2. இம்பாக்ட் ஃபேக்டர் 2-க்கும் 5-க்கும் இடைப்பட்ட இதழில் ஒரு கட்டுரை வந்தால் 20 புள்ளி. 5-க்கும் 10-க்கும் இடையில் என்றால் 25. வெளிநாட்டில் நடக்கும் சர்வதேச மாநாட்டில் வாசித்த கட்டுரைக்கு 7. அதே தரத்து மாநாடு சென்னையில் நடந்தால் 5. விமானச் செலவுக்குத்தான் அந்த 2 புள்ளி போலிருக்கிறது.

மாநாடு என்றால் சுருக்கத்தை அனுப்பிவிட்டுப் போய்ப் பேசிவிட்டு வருவது என்றிருக்கும் துறைகளில் இது பெரிய அநியாயம் இல்லை. மனித–கணினி ஊடாட்டத்தில் நிலைமை தலைகீழ். 1982 முதல் நடந்துவரும் சிஎச்ஐ மாநாடுதான் (துறைக்காரர்கள் வாயில் 'கை') இங்கே தலைவாசல். முழுக் கட்டுரையை அனுப்ப வேண்டும், பல நடுவர்கள் படிப்பார்கள், திருத்தம் கேட்பார்கள், வருவதில் ஏறக்குறைய நாலில் ஒன்றுதான் தேறும். இத்துறையின் பல இதழ்களைவிட அங்கே இடம் பிடிப்பது கடினம். அந்தக் கட்டுரைக்கு உங்கள் அட்டவணை தருவது 7. அதோடு விடவில்லை. மாநாட்டுப் புள்ளியும் கொள்கை ஆவணத்துக்கான புள்ளியும் சேர்ந்து மொத்த மதிப்பெண்ணில் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று ஒரு உச்சவரம்பு வேறு. மாநில அரசுக்கு முதியோர் பராமரிப்பு வழிகாட்டி எழுதித் தந்தவருக்கு 4 புள்ளி. அந்த 4-ம் இந்த 7-ம் ஒரே வரம்புக்குள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும்.

அடுத்தது ஆசிரியர் பங்கு. இருவருக்கு மேல் எழுதிய கட்டுரையில் முதல் ஆசிரியருக்கோ தொடர்பு ஆசிரியருக்கோ 70 சதவீதம், மற்ற ஒவ்வொருவருக்கும் 30. 20 புள்ளிக் கட்டுரை என்றால் ஒருவருக்கு 14, மற்றவர்களுக்கு ஆளுக்கு 6. முதியோர் ஆய்வில் ஒரு கட்டுரைக்குப் பின்னால் மருத்துவர், செவிலியர், பிசியோதெரபிஸ்ட், இடைமுக வடிவமைப்பாளர், நிரல் எழுதுபவர் என்று குறைந்தது ஐந்து பேர் இருப்பார்கள். இதில் யார் 70?

அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் 2004-இல் திறந்த டைகர்பிளேஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மிசூரி பல்கலைக்கழகத்தின் செவிலியப் பேராசிரியர் மர்லின் ராண்ட்ஸும் பொறியியல் பேராசிரியர் மார்ஜரி ஸ்குபிக்கும் சேர்ந்து வளர்த்த வேலை. மெத்தைக்கு அடியில் ஒரு சென்சார், சுவரில் அசைவு உணரி, நடையைப் பார்க்க ஆழம் அளக்கும் கருவி. முதியவர் உடம்பில் எதையும் மாட்டத் தேவையில்லை. இரவில் புரண்டு படுப்பது கூடினாலோ, கழிவறைக்குப் போவது அதிகரித்தாலோ, நடை வேகம் குறைந்தாலோ செவிலியருக்கு எச்சரிக்கை போகும். அவர் போய்ப் பார்த்து, சிறுநீர்த் தொற்றா, இதயம் பலவீனப்படுகிறதா என்று முன்கூட்டியே பிடிப்பார். 2015-இல் 'நர்சிங் அவுட்லுக்' இதழில் வந்த கணக்கின்படி, சென்சார் உள்ள வீடுகளில் இருந்தவர்கள் சராசரியாக 1,557 நாள் அங்கேயே வாழ்ந்தார்கள். சென்சார் இல்லாதவர்கள் 936 நாள். குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனை இல்லை, பின்னோக்கிப் பார்த்த ஒப்பீடு. அந்தக் குறையைச் சொல்லாமல் விட முடியாது. ஆனாலும், எச்சரிக்கை வந்ததும் எழுந்து போக ஒரு செவிலியர் இல்லையென்றால் அந்தச் சென்சாரெல்லாம் வெறும் மின்சாரச் செலவு. இதை 70-க்கு 30 என்று யாரால் பிரிக்க முடியும்?

இனி, மேலே ஏறக்கூடாத வேலை எப்படி ஏறுகிறது என்று பார்ப்போம். நீங்கள் அதிகம் பார்த்திருக்கக்கூடிய தலைப்பு: செயற்கை நுண்ணறிவால் முதியோர் விழுவதைக் கண்டறிதல். துல்லியம் 99 சதவீதம் என்று சுருக்கத்திலேயே போட்டிருக்கும். மேற்கோள்கள் குவியும், ஏனென்றால் அடுத்தவர் 99.2 என்று எழுத இதை மேற்கோள் காட்டியாக வேண்டும். தரவு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். இருபது வயதுக் கல்லூரி மாணவர்கள் மெத்தை மேல் வேண்டுமென்றே விழுந்திருப்பார்கள். எழுபத்தெட்டு வயதுப் பாட்டி அப்படி விழுவதில்லை. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டே சரிவார், நாற்காலி விளிம்பில் உட்காரப் பார்த்து வழுக்குவார், கட்டிலிலிருந்து மெல்ல இறங்கித் தரையில் தங்கிவிடுவார். அசைவின் வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானியில் அதற்கும் 'தொப்'பென்று உட்காருவதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

99 சதவீதம் என்றால் வார்டில் என்ன நடக்கும் என்று ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள். கருவி 5 வினாடிக்கு ஒருமுறை முடிவெடுக்கிறது என்று வையுங்கள். ஒரு நாளில் 86,400 வினாடி, 17,280 முடிவுகள். அதில் 1 சதவீதம் தப்பு என்றால் ஒரு ஆளுக்கு ஒரு நாளில் 170-க்கும் மேற்பட்ட பொய் மணி. எட்டுப் படுக்கைக்கு எத்தனை? இரண்டாம் நாளே இரவுப் பணிச் செவிலியர் ஒலியைக் குறைப்பார், மூன்றாம் நாள் வயரைப் பிடுங்குவார். அவர் மேல் தப்பில்லை.

கற்பனைக் கணக்கு என்று தோன்றினால் நிஜக் கணக்கும் இருக்கிறது. 2012-இல் 'பிளாஸ் ஒன்' இதழில் பகாலாவும் கூட்டாளிகளும், அதுவரை வெளியான 13 கண்டறியும் முறைகளை எடுத்து, முதியோர் உண்மையிலேயே விழுந்த 29 பதிவுகளில் ஓட்டிப் பார்த்தார்கள். சராசரியாக 57 சதவீத விழுதல்களே பிடிபட்டன. பொய் எச்சரிக்கை, முறைக்கு முறை, நாளொன்றுக்கு 3 முதல் 85 வரை. புதிதாக ஒரு முறையைக் கண்டுபிடித்ததாக அந்தக் கட்டுரை எங்கும் சொல்லவில்லை. ஏற்கெனவே இருந்தவை ஓடுமா என்று மட்டுமே பார்த்தது. எங்களைக் கேட்டால் அந்தப் பதின்மூன்றைவிட இதற்குத்தான் புள்ளி அதிகம் தருவோம்.

இன்னொரு சூழ்ச்சியான எண், சஸ் மதிப்பெண். ஒரு செயலியோ கருவியோ பயன்படுத்த எவ்வளவு எளிது என்று பயனரிடம் கேட்க ஜான் புரூக் 1986-இல் உருவாக்கிய பத்துக் கேள்விப் படிவம். 100-க்குப் போடுவார்கள், பொதுவாக 68 சராசரி. 'எங்கள் செயலிக்கு முதியோர் 75 கொடுத்தார்கள்' என்று கோப்பில் இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். படிவத்தை உள்ளே போய்ப் பாருங்கள். ஒற்றைப்படைக் கேள்விகள் புகழ்பவை, இரட்டைப்படைக் கேள்விகள் குறை சொல்பவை: 'இது தேவையில்லாமல் சிக்கலாக இருக்கிறது' என்பது போல. விடை 1 முதல் 5 வரை. ஒற்றைப்படைக் கேள்வியில் விடையிலிருந்து 1-ஐக் கழிக்க வேண்டும், இரட்டைப்படையில் 5-இலிருந்து விடையைக் கழிக்க வேண்டும், மொத்தத்தை 2.5-ஆல் பெருக்க வேண்டும்.

நம்மூர்ப் பெரியவர் முன்னால் இந்தப் படிவத்தோடு ஒரு இளைஞர் உட்கார்ந்தால் என்ன நடக்கும்? வெயிலில் வந்த பிள்ளை மனம் நோகக்கூடாது என்று எல்லாக் கேள்விக்கும் "ஆமா தம்பி, நல்லாத்தான் இருக்கு" என்பார். எல்லாம் 4. ஒற்றைப்படையில் தலா 3, ஐந்துக்கு 15. இரட்டைப்படையில் தலா 1, ஐந்துக்கு 5. மொத்தம் 20, பெருக்கினால் 50. எல்லாவற்றுக்கும் 5 என்றாலும் 50. எல்லாவற்றுக்கும் 3 என்றாலும் 50. ஆகவே முதியோர் ஆய்வில் விடைகள் 50-ஐச் சுற்றிக் கும்பலாக நின்றால், அது செயலியின் தரமாக இருக்கலாம், மரியாதையாகவும் இருக்கலாம். தனித்தனி விடைத்தாளைப் பார்க்காமல் சொல்ல முடியாது. அதைவிட மோசம், தமிழில் பெயர்க்கும்போது எதிர்மறைக் கேள்விகள் குழப்புகின்றன என்று அவற்றையும் புகழ்ச்சியாக மாற்றிவிடுவது. அப்போது அதே மரியாதைக்கார '4' பத்துக் கேள்வியிலும் தலா 3 வாங்கி, 30 பெருக்கல் 2.5, சுளையாக 75 தரும். சராசரியைத் தாண்டியாயிற்று, கட்டுரையும் தேறியாயிற்று. எனவே சஸ் மதிப்பெண் வந்தால், தமிழ்ப் படிவத்தையும் விடைத்தாள்களையும் கேட்டு வாங்குங்கள்.

நன்றாகச் செய்பவர் அபிப்பிராயம் கேட்பதோடு நிற்கமாட்டார்; வேலை கொடுப்பார். 'காலை மாத்திரைக்கு நினைவூட்டலை நீங்களே வையுங்கள்' என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவார். எத்தனை பேர் உதவியில்லாமல் முடித்தார்கள், எத்தனை தடவை விரல் இலக்கைத் தவறியது, எத்தனை தடவை ஆய்வாளர் வாய் திறந்தார் என்று எழுதுவார். ஒரு வாரம் கழித்துத் திரும்பப் போய், நினைவூட்டல் இன்னும் ஓடுகிறதா என்று பார்ப்பார். அவர் கட்டுரையில் விரலைப் பற்றி எழுதியிருக்கும். வயதான தோல் காய்ந்திருப்பதால் தொடுதிரை பல சமயம் தொட்டதையே உணர்வதில்லை. உணரவில்லை என்று இன்னும் அழுத்தினால், ஏறக்குறைய அரை வினாடியில் ஆண்ட்ராய்டு அதை 'நீண்ட அழுத்தம்' என்று எடுத்துக்கொண்டு வேறு எதையோ திறக்கும். ஐகான் இடம் மாறும். 'நான் எதையோ கெடுத்துட்டேன்' என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவார் பெரியவர். இந்த மூன்று வரி ஒரு கட்டுரையில் இருந்தால், எழுதியவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் என்று நம்பலாம். பங்கேற்றோர் பட்டியலில் 'வயது 60–66, ஓய்வுபெற்ற பேராசிரியர்கள்' என்று மட்டும் இருந்தால், தன் துறை நண்பர்களையே சோதித்திருக்கிறார் என்று பொருள்.

அளவுகோலே முடிவைத் தீர்மானிக்கும் என்பதற்கு நம் வாசலிலேயே சான்று உண்டு. 1998-இல் கொச்சியில் தொடங்கிய 10/66 மறதிநோய் ஆய்வுக் குழுவின் பெயரே ஒரு குற்றச்சாட்டு: நோயாளிகளில் 66 சதவீதத்தினர் வளரும் நாடுகளில், ஆய்வில் 10 சதவீதத்துக்கும் குறைவே அவர்களைப் பற்றியது. சென்னையும் வேலூர் கிராமப்புறமும் அதன் களங்கள். 2008-இல் 'லான்செட்' இதழில் வந்த முடிவில், அமெரிக்க மனநல வரையறையான டிஎஸ்எம்-4 கொண்டு பார்த்தால் வேலூர் கிராமங்களில் மறதிநோய் 0.3 சதவீதம். படிப்பறிவு குறைந்தவர்களுக்கும் பொருந்துமாறு இந்தக் குழுவே சரிபார்த்த முறையில் பார்த்தால், எந்த நாட்டுக் களத்திலும் அது 5.6 சதவீதத்துக்குக் கீழே போகவில்லை. ஏன் இவ்வளவு வித்தியாசம்? டிஎஸ்எம் வரையறைக்கு அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டதாக வீட்டார் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் "வயசானா அப்படித்தான்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். சமைப்பதும் கணக்குப் பார்ப்பதும் ஏற்கெனவே மருமகள் கைக்குப் போயிருக்கும்; இழந்ததாகச் சொல்ல எதுவும் மிச்சமிருக்காது. கைபேசி விளையாட்டை வைத்து மறதியைக் கண்டுபிடிக்கிறேன் என்று வரும் ஆய்வாளரிடம் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: எழுதப் படிக்கத் தெரியாதவரையும் நோய் உள்ளவரையும் உங்கள் செயலி எப்படிப் பிரிக்கிறது?

எதோடு ஒப்பிட்டார்கள் என்பதும் முக்கியம். ஜப்பானின் தகனோரி ஷிபாதா 1993 முதல் உருவாக்கிய பாரோ, கடல்நாய்க் குட்டி வடிவில் 2.7 கிலோ எடையுள்ள ரோபோ. ஆஸ்திரேலியாவின் வெண்டி மாயில் குழு 2017-இல் வெளியிட்ட சோதனையில் குயின்ஸ்லாந்தின் 28 பராமரிப்பு இல்லங்கள், 415 பேர். ஒரு பிரிவுக்குப் பாரோ, ஒரு பிரிவுக்கு இயக்கத்தை அணைத்த அதே பாரோ, ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. வாரம் 3 தடவை, 15 நிமிடம், 10 வாரம். வழக்கமான கவனிப்போடு வைத்தால் ரோபோவுக்குப் பலன் தெரிந்தது. அணைத்த பொம்மையோடு வைத்தபோது, பேசுவதிலும் பார்ப்பதிலும் ஈடுபாடு கூடியது, அவ்வளவே. அந்த நடுப்பிரிவை வைக்கத் துணிந்ததில்தான் ஆய்வின் மதிப்பு இருக்கிறது. உங்களிடம் வரும் ரோபோ ஆய்வுகளில் நடுப்பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி மேற்கோளே விழாத பயன். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே நிறமாறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பது இணைய அணுகுதன்மை விதி. இந்திய அரசு வலைத்தளங்களுக்கான வழிகாட்டியும் அந்த விதிகளைத்தான் பின்பற்றச் சொல்கிறது. 4.5 எங்கிருந்து வந்தது? சாதாரணப் பார்வைக்கு 3-க்கு 1 போதும் என்று ஏற்கெனவே ஒரு தரநிலை இருந்தது. ஏறக்குறைய 80 வயதுக்காரரின் பார்வைக் கூர்மை, கண் மருத்துவர் சீட்டில் எழுதுவதுபோலச் சொன்னால் 6/12. அந்தப் பார்வையில் நிறமாறுபாட்டை உணரும் திறன் சுமார் ஒன்றரை மடங்கு குறைகிறது என்று ஆர்டிட்டி, ஃபே ஆகியோரின் ஆய்வு காட்டியது. 3 பெருக்கல் 1.5, ஆக 4.5. ஓய்வூதியப் பக்கத்தில் சாம்பல் எழுத்தைக் கறுப்பாக்கும் நிரலாளர் எவரும் அவர்களை மேற்கோள் காட்டப்போவதில்லை. விதியாக மாறிய ஆய்வுக்கு எச்-இண்டெக்ஸில் இடமில்லை.

மருத்துவப் பக்கத்திலும் அப்படித்தான். சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-இல் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவு தொடங்கக் காரணமாக இருந்தவர் வி.எஸ். நடராஜன். 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படிப்பு வந்தது, அவருக்கு 2012-இல் பத்மஸ்ரீ. அட்டவணை 2-இல் ஒரு புறநோயாளிப் பிரிவுக்கு எத்தனை புள்ளி?

2 சதவீதப் பட்டியலைப் பற்றிச் சுருக்கமாக. அது ஸ்கோபஸ் மேற்கோள்களிலிருந்து கணக்கிடப்படுவது. ஆட்களை 174 உட்துறைகளாகப் பிரித்து, அவரவர் அதிகம் எழுதிய உட்துறைக்குள் ஒப்பிடும். இரண்டு துறைக்கு நடுவில் பாலம் போடுபவர் இரண்டு கரையிலும் பாதி ஆளாகவே எண்ணப்படுவார். பிளக்ஸ் அடிப்பதற்குமுன் தன்மேற்கோள் (தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டுவது) நீக்கிய பத்தியையாவது பாருங்கள். பட்டியல் வெளியாகும் அதே கோப்பில்தான் இருக்கிறது.

விதி எங்கள் கையைக் கட்டுகிறது என்பீர்கள். முழுக்க இல்லை. உதவிப் பேராசிரியர் நேரடித் தேர்வில் புள்ளிக் கணக்கு நேர்காணலுக்கு அழைக்க மட்டுமே என்று அதே 2018 விதி சொல்கிறது. தேர்வு உங்கள் கேள்விகளில் நடக்கிறது. 2025 ஜனவரியில் வந்த யூஜிசி வரைவோ புள்ளிக் கணக்கையே கைவிட்டு, ஒன்பது வகைப் பங்களிப்பில் நான்கைக் காட்டச் சொன்னது. அதில் சமூகப் பணியும் ஒன்று. துணைவேந்தர் நியமனத்தில் மாநிலத்தின் உரிமையைப் பறித்ததற்காக அந்த வரைவைத் தமிழ்நாடு எதிர்த்தது நியாயமே. அந்தச் சத்தத்தில் இந்தப் பகுதி அமுங்கிப்போனது. பிரிட்டனின் 2021 ஆய்வு மதிப்பீட்டில் சமூகப் பயனுக்கு 25 சதவீத எடை. 2000-ஆம் ஆண்டு முதல் செய்த ஆய்வையும் அதற்கு ஆதாரமாகக் காட்டலாம். முதியோர் துறையில் ஒரு வேலை வார்டுக்குள் வேர்விட அவ்வளவு காலம் ஆகும். நீங்கள் ஆண்டறிக்கை கேட்கிறீர்கள்.

நாங்கள் கேட்பது பெரிய செலவில்லாதது. எல்லாக் கட்டுரைகளின் பட்டியலுக்குப் பதில் விண்ணப்பதாரரே தேர்ந்தெடுத்த ஐந்தை வாங்கி, குழுவில் ஒருவராவது முழுதாகப் படிக்கட்டும். மாநாட்டு முழுக் கட்டுரை என்றால் நடுவர் குறிப்புகளையும் இணைக்கச் சொல்லுங்கள். அதன் கனம் அங்கே தெரியும். ஒவ்வொரு கட்டுரையிலும் யார் என்ன செய்தார்கள் என்று கூட்டாசிரியர்கள் எல்லோரும் கையெழுத்திட்ட ஒரு தாள் இருக்கட்டும், செவிலியர் உட்பட. வல்லுநர் உறுப்பினர்களில் ஒருவர் முதியோர் வார்டில் பணிபுரிபவராக இருக்கட்டும். மருத்துவரே வேண்டும் என்பதில்லை. மூத்த செவிலியர் ஒருவர் போதும். எது ஓடும், எது மூன்றாம் நாள் மூலைக்குப் போகும் என்று அவர் பார்த்த மாத்திரத்தில் சொல்வார். நேர்காணலில் எச்-இண்டெக்ஸைக் கேட்கும் நேரத்தில், நிதி முடிந்தபிறகு அந்தக் கருவி எங்கே இருக்கிறது, அதற்கு இப்போது யார் சார்ஜ் போடுகிறார்கள் என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
முதியோர் மருத்துவம், செவிலியம், மனித–கணினி ஊடாட்டம் ஆகிய துறைகளில் பணிபுரிவோர்